இருபது டிகிரி அறையில் இரண்டு மணி நேரம்

சென்ற மாதம் ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் புதிதாக ஓர் அளவெடுக்கும் இயந்திரம் வந்தது. அதற்குப் பூசை போட்டுத் தேங்காய் உடைத்த நாளில் பழைய ஆட்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போனேன். அந்த இயந்திரம் சூடான இரும்புத் துண்டை அப்படியே வாங்கிக்கொண்டு, அது ஆறினால் என்ன அளவு வருமோ அதைத் தானே கணித்துச் சொல்லிவிடுகிறது. விளக்கிச் சொன்ன இளம் பொறியாளர் பெண், “இனிமே ஊறப்போட்டுக் காத்திருக்கவே வேணாம் சார்” என்று முடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு அவளே கேட்டாள்: “அப்பல்லாம் ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்து என்ன சார் செய்வீங்க?” டீ குடிப்போம் என்று யாரோ சொல்ல, சிரித்துக் கலைந்தார்கள். என்னிடம் வேறு பதில் இருந்தது. கேக் வெட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் சொல்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் நெல்லைப் பக்கத்துக்காரன், பெயர் ஜெபராஜ். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு ஓசூரில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கன்னடத்தில் வழி சொன்னார், இன்னொருவர் தெலுங்கில் அதைத் திருத்தினார், மூன்றாமவர் பேசிய தமிழும் எனக்குப் பாதிதான் புரிந்தது. லேத், கிரைண்டிங், இன்ஸ்பெக்‌ஷன் என்று முதல் எட்டு வருடங்கள் ஓடின. அதில் சொல்லும்படி ஒன்றுமில்லை. அதன் பிறகு அளவு அறைக்கு வந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரட்டைக் கதவு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே இருபது டிகிரி, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. காரணம் எளிது. இரும்பு சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எங்கள் கணக்கு தலைமுடியைப் பத்தாகப் பிளந்த அளவில் நடப்பது. அதனால் மெஷினிலிருந்து வரும் எந்தத் துண்டையும் வாங்கியவுடன் அளக்க மாட்டோம். மல் துணியால் எண்ணெயைத் துடைத்து, கருங்கல் மேஜையின் மேல் வரிசையாக வைத்து, அறையின் குளிர்ச்சி அதற்குள் இறங்கும்வரை விட்டுவிடுவோம். இதற்குத்தான் ஊறப்போடுவது என்று பெயர். இரண்டு மணி நேரம் ஆகும்.

இன்னொன்று மாஸ்டர். சரியான அளவு இதுதான் என்று முத்திரை பெற்ற ஓர் உருக்குத் துண்டு. பட்டுத் துணி விரித்த மரப்பெட்டியில் இருக்கும். ஒவ்வொரு ஷிப்டும் தொடங்கும்போது அளவு அறையிலிருந்து ஒருவர் அதை மெஷினுக்கு எடுத்துப்போய், அங்கே அரை மணி நேரம் வைத்து, அந்த இடத்துச் சூட்டுக்குப் பழக்கி, அதைக் கொண்டு மெஷின் பக்கத்திலுள்ள அளவுமானியின் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். பிறகு ‘ஜீரோ சீட்டு’ என்ற தாளில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேலே அறைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். சீட்டு இல்லாமல் எந்த ஆப்பரேட்டரும் மெஷினை ஓட்டக் கூடாது.

அந்தத் தலைவர்தான் ஆரோக்கியசாமி. கல்லாவிப் பக்கத்துக்காரர், கத்தோலிக்கர். என்னைவிட மூன்று வயது இளையவர், ஐ.டி.ஐ. படித்து மெஷினில் நின்று மேலே வந்தவர். டிப்ளமோக்காரனான என்னைத் தாண்டி அவரைத் தலைவர் ஆக்கினார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவரை ஒரு நாளும் ‘சார்’ என்று கூப்பிடாமலே வேலையை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவரோ பெரிய அதிகாரிகள் வந்தால், “இவுருதாங்க எங்க ரூமுக்கு சீனியரு” என்று என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பார். அது நடிப்பா என்று பல நாள் உளவு பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் வேலை செய்யும் விதம் தனி. ஒரு துண்டு அளவில் தவறியிருந்தால் கழிவு என்று குறிக்க நாங்கள் உடனே சிவப்பு மசியை எடுப்போம். அவர் எடுக்க மாட்டார். “மொதல்ல நம்பளப் பாத்துக்கலாம்” என்று சொல்லி, மாஸ்டரைத் திரும்ப வைத்துத் தன் கருவியைச் சோதிப்பார். பிறகு தன் கையைச் சோதிப்பார், அதாவது வேறொருவரைக் கூப்பிட்டு, தனக்கு என்ன வந்தது என்று சொல்லாமல் அளக்கச் சொல்வார். இதெல்லாம் முடிந்த பின்புதான் அந்தத் துண்டின்மேல் குற்றம். வாடிக்கையாளர் கம்பெனிக்கும் எங்களுக்கும் ஒரு முறை அளவில் தகராறு வந்தது. எங்கள் மாஸ்டரே துளி தேய்ந்திருப்பதை அவர் கண்டுபிடித்து, யாரும் கேட்பதற்கு முன்பே அவர்களுக்கு எழுதிவிட்டார். மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். இப்போது நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அன்றைக்கு, பிழைக்கத் தெரியாத மனுஷன் என்றுதான் கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஊறப்போட்ட நேரத்தில் மற்றவர்கள் வெளியே போய்விடுவார்கள். அவர் மட்டும் முக்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். எனக்கு அது ஒரு நல்ல வாய்ப்பாகப் பட்டது. நான் புராட்டஸ்டண்ட், எங்கள் சபையில் செயலாளர். வேத வசனப் போட்டியில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. நான் ஜெபம் செய்தால் முடிந்ததும் நாலு பேர் வந்து கையைப் பிடித்து, “என்ன வார்த்தை அண்ணாச்சி” என்பார்கள். அந்த நாலு பேர் வராத ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவன் ஒரு நாள் அவரிடம் போய், “என்ன வே, ஜெபமாலை உருட்டுதீரா?” என்று கேட்டேன்.

அவர் இரண்டு வெறுங்கையையும் விரித்துக் காட்டினார். “இல்லண்ணா. பேசினு இருந்தன்.”

“யார்ட்ட?”

“அவருகிட்டதான்.”

“அப்படி என்ன பேசுவீரு?”

“மூணாவது மெஷின்காரரு பொண்ணுக்குக் காய்ச்சலாம். அத்தச் சொன்னன். அப்பறம் உங்க மேல எனக்கு ஒரு கோவம் இருந்துச்சு, அதையும் சொன்னன்.”

“எம்மேல என்ன கோவம்?”

“அதான் சொல்லிட்டனேண்ணா. போயிடுச்சு.”

அவர் சிரிக்கவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அன்று இரவு வரை யோசித்தேன். கடவுளைப் பற்றி இரண்டு மணி நேரம் என்னால் பேச முடியும். அவரிடம், பக்கத்து முக்காலியில் இருக்கிறவரிடம் பேசுவதுபோல, உன் ஆள் ஒருவன்மேல் எனக்குக் கோபம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. பொறாமையாக இருந்தது. ஆனால் படிக்காதவர்களின் பக்தி இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு தூங்கிவிட்டேன்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். சித்திரை மாதம். அடுத்த ஞாயிறு எங்கள் ஆலயத்தில் பிரசங்கம் செய்யும் முறை என்னுடையது. போதகர் கொடுத்த தலைப்பு தாழ்மை. காலை ஷிப்டுக்கு, ஸ்டியரிங்கில் பொருத்தும் ‘பின்’ என்ற உருளைத் துண்டுகள் ஓடும் கிரைண்டிங் மெஷினுக்கு மாஸ்டரை எடுத்துப் போனேன். அங்கே ஆப்பரேட்டர் முனிராஜு. தேன்கனிக்கோட்டைப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். மூன்று வருடமாகத் தற்காலிக ஆள். அந்த மாதம் நிரந்தரமாகப் போகிறவர்கள் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. வீட்டில் யானை மிதித்த ராகிக் கொல்லையை நம்ப முடியாமல்தான் இங்கே வந்திருந்தான். இந்த வேலைதான் அந்த வீட்டுக்கு எல்லாம்.

மாஸ்டர் பெட்டியைத் திறந்து ஜன்னல் மேடையில் வைத்தேன். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். நின்றுகொண்டே ஜீரோ சீட்டின் பின்பக்கத்தில் பிரசங்கக் குறிப்பு எழுதத் தொடங்கினேன். தாழ்மை, மூன்று தலைப்புகள். வார்த்தைகள் அருவியாகக் கொட்டின. அரை மணி ஆனதும் உறை போட்ட கையால் மாஸ்டரை எடுத்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினேன். முனிராஜு பெட்டியைத் தள்ளி வைக்கும்போது விரல் பட்டு, “சார், மாஸ்டர் சூடா இருக்குது சார்” என்றான்.

நான் உறையைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. “நீ மெஷினை ஓட்டு. அளவை நாங்க பாத்துக்கிடுதோம்” என்றேன்.

அரை மணி நேரம் என்று சீட்டில் எழுதியது பொய் இல்லை. அந்த அரை மணி நேரமும் ஜன்னல் வழியாக வெயில் மாஸ்டர்மேல் விழுந்துகொண்டிருந்தது என்பதுதான் விஷயம். ஆரோக்கியசாமியிடம் சீட்டைக் கொடுத்தேன். மற்ற எல்லோருடைய சீட்டையும் அவர் கேள்வி கேட்டுத்தான் கையெழுத்திடுவார். என்னிடம் மட்டும் கேட்பதில்லை, முன்பு ஒரு முறை கேட்டபோது நான் போட்ட சத்தம் அப்படி. கையெழுத்து வாங்கியதும் சீட்டைக் கோப்பில் போடாமல் என் பையில் வைத்துக்கொண்டேன். பின்பக்கத்தில் இருந்த மூன்று தலைப்புகளை இழக்க மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் அந்தக் காலை ஷிப்டில் ஓடிய பின்கள் அத்தனையும் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தன. துளைக்குள் போகாத அளவுக்குப் பருமன். அவர்களுடைய லைன் அரை நாள் நின்றுவிட்டது. உற்பத்தி மேலாளர் எங்கள் எல்லோரையும் மெஷின் பக்கத்தில் கூட்டி நிறுத்தினார். “அந்த ஷிப்டோட ஜீரோ சீட்டே ஃபைல்ல இல்ல. ஜீரோ வைக்காமலே ஓட்டியிருக்கான். டெம்ப்ரரி ஆளுங்களுக்கு இதான் வேலை” என்றார்.

“ஜீரோ வெச்சாங்க சார்” என்றான் முனிராஜு.

“யாரு வெச்சா?”

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. “ரூம்லேர்ந்து வந்தாங்க சார்” என்றான்.

பருமன் என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சூட்டில் பெருத்த மாஸ்டரைச் சரி என்று வைத்தால், அதற்கு ஒத்து வருகிற ஒவ்வொரு பின்னும் பெருத்துத்தானே இருக்கும். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. அப்போது ஆரோக்கியசாமி பேசினார். “சீட்டு இருந்துச்சு சார். நான் கையெழுத்து போட்டன். பாக்காம போட்டன், அது என் தப்பு. பின்னுங்கள ஊறப்போட்டு அளந்துட்டு வந்து சொல்றன்.”

“மூணு மணி வரைக்கும் டைம். சீட்டோட வாங்க. இல்லன்னா இவன் பேரை லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டு, கேட்டுக்கு வெளிய அனுப்பிடுவேன்.”

மணி அப்போது ஒன்று ஆகவில்லை. பின்களைத் துடைத்துக் கருங்கல் மேஜையில் வரிசையாக வைத்தோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே முனிராஜு நின்றுகொண்டிருந்தான். தற்காலிக ஆட்களை அந்த அறைக்குள் விடும் வழக்கம் கிடையாது. ஆரோக்கியசாமி போய்க் கதவைத் திறந்து, “உள்ள வாங்க, நின்னுனே இருந்தா காலு வலிக்கும்” என்று கூட்டி வந்து தன் முக்காலியில் உட்கார வைத்தார். ஓரமாகக் கிடந்த மரப்பெட்டியை இழுத்துப் போட்டு அதில் தான் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அன்னிக்கிக் காலையில என்னா நடந்துச்சுங்க?”

முனிராஜு தரையைப் பார்த்தான். “மாஸ்டர் வந்துச்சு. வெச்சாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது சார்.”

அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. கையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசையத் தொடங்கியது. என்னுடைய பை மூன்றடி தூரத்தில், லாக்கருக்குள் இருந்தது.

நானும் கண்ணை மூடினேன். பழக்கத்தில் வாய் தன் பாட்டுக்குத் தொடங்கியது: அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே. அதற்கு மேல் போகவில்லை. இருபது வருடம் சபையே தலையாட்டிக் கேட்ட அத்தனை அடைமொழிகளும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. ஏதோ ஒரு கூட்டத்துக்கு முன்னால்தான் இத்தனை நாளும் பேசியிருக்கிறேன், இந்த அறையில் கூட்டம் இல்லை. பயமாக இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. கடைசியில் வயிற்றுக்குள்ளிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. நான்தான். அவ்வளவுதான் சொன்னேன். சொன்னதும், அதை ஒருவர் கேட்டார் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. திட்டு விழவில்லை, தேற்றுதலும் வரவில்லை. இவ்வளவு நாளும் காத்திருந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. நாற்பத்தாறு வயதில், சபைச் செயலாளராகிய நான், முதல் முறையாகக் கடவுளோடு பேசினேன்.

எழுந்து லாக்கரைத் திறந்து, பையிலிருந்து சீட்டை எடுத்து ஆரோக்கியசாமியின் மடியில் வைத்தேன். “மாஸ்டர் வெயில்ல இருந்துச்சு. இவன் சொன்னான், நான் கேக்கல” என்றேன்.

அவர் சீட்டைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அங்கே பெரிய எழுத்தில் தாழ்மை என்று இருந்ததை நிச்சயமாக வாசித்திருப்பார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “இன்னும் அர மணி நேரம் இருக்குதுண்ணா. முழுசா ஊறட்டும். அளந்துட்டே போலாம்” என்றார். குற்றவாளி கையில் கிடைத்துவிட்டான், இனி எதற்கு அளவு என்று வேறு எவரும் நினைத்திருப்பார்கள். அவர் மாஸ்டரை வைத்துத் தன் கருவியைச் சோதித்தார், பின்னை அளந்தார், என்னை அளக்கச் சொன்னார். பிறகு, அந்த அறையில் அதுவரை நடக்காத ஒன்றாக, முனிராஜுவின் கையில் கருவியைக் கொடுத்து, “நீங்களும் பாருங்க” என்றார். மூன்று பேருக்கும் ஒரே அளவுதான் வந்தது.

மேலாளர் அறைக்கு மூன்று பேரும் போனோம். நடக்கும்போது ஒரு கோர்வையான மன்னிப்பு வாசகத்தை மனதில் தயார் செய்தேன். புத்தி அவ்வளவு சீக்கிரமா விடும்? உள்ளே போனதும் அது மறந்துபோய், “நான்தான் சார்” என்றேன். மேலாளர் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தை உரக்க வாசித்தார்: “தாழ்மை. ஒன்று, தாழ்மையின் அவசியம். இரண்டு, தாழ்மையின் அடையாளம்.” மூன்றாவதை அவர் வாசிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். அந்த ஒரு விஷயத்துக்காக அந்தக் கோபக்கார மனிதருக்கு நான் இன்றும் நன்றியுள்ளவன்.

எனக்கு மெமோ கொடுத்தார்கள். ஆறு மாதம் மாஸ்டரைத் தொடக் கூடாது என்றார்கள். பார்க்காமல் கையெழுத்திட்டதற்கு ஆரோக்கியசாமிக்கும் ஒரு மெமோ. என் தவறுதான் என்று நான் எவ்வளவு சொல்லியும் அவர் தன் மெமோவை அவர்கள் திரும்பப் பெற விடவில்லை. “அது என்னுதுண்ணா, என்கிட்டயே இருக்கட்டும்” என்றார். முனிராஜு பெயர் பட்டியலில் அப்படியே நின்றது, மாதக் கடைசியில் நிரந்தர வேலைக்கான ஆர்டர் வாங்கினான்.

ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று அவனிடம் கேட்டேன். பெரிய காரணம் ஏதோ சொல்வான் என்று எதிர்பார்த்தேன். “உங்க பேரச் சொன்னா யார் சார் நம்புவாங்க?” என்றான். அந்தப் பதில் மெமோவைவிட அதிகமாகத் தைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் ஏறினேன். குறிப்பு கம்பெனிக் கோப்பில் இருந்தது. ஒரு சீட்டு, ஒரு மாஸ்டர், ஒரு ஆப்பரேட்டர் என்று நடந்ததைச் சொல்லிவிட்டு ஐந்தாவது நிமிடம் இறங்கிவிட்டேன். ஆராதனை முடிந்து யாரும் கையைப் பிடிக்க வரவில்லை. அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்டார்களாம். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது. மறுநாள் வேலைக்குப் போனதும் ஆரோக்கியசாமியிடம், “குட்மார்னிங் சார்” என்றேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று.

நான் அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை ஊறப்போட்ட நேரத்தில் வெளியே போனதில்லை. இரண்டு முக்காலியில் இரண்டு பேர், ஒரு வார்த்தை பேசாமல், அவரவர் பேச்சைப் பேசிக்கொண்டிருப்போம். அவர் இப்போது கல்லாவிக்கே போய்விட்டார். நாலு மாமரம் வைத்திருக்கிறார். ஞாயிறு பூசைக்கு முன்னதாகவே தேவாலயத்துக்குப் போய்ப் பாய் விரிக்கிறார், முடிந்த பின் சுருட்டி வைத்துவிட்டுக் கடைசியாக வருகிறார். நான் பார்த்த பெரிய மனிதர்கள் யார் என்று என்னைக் கேட்டால் ஆயர்களையும் சொல்ல மாட்டேன், முதலாளிகளையும் சொல்ல மாட்டேன்.

சென்ற மாதம் விழா முடிந்து கிளம்பும்போது ஷிப்ட் சூப்பர்வைசர் என்னை கேட் வரை கொண்டுவிட வந்தான். வேறு யாருமில்லை, முனிராஜுதான். தலை நரைத்துவிட்டது, மூத்த மகன் காலேஜ் போகிறான். கொஞ்ச தூரம் நடந்ததும், “சார், ரொம்ப நாளா கேக்கணும்னு. அன்னிக்கு ரூம்ல கண்ண மூடினு என்னமோ சொன்னீங்க. வாய் அசஞ்சுது, பாத்தேன். என்ன சார் சொன்னீங்க?” என்று கேட்டான்.

“நான்தான்னு சொன்னேன்.”

“அதுக்கு உங்க சாமி என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல முனிராஜு” என்றேன். “மேனேஜர் ரூம் வரைக்கும் கூட வந்தாரு.”